சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், டோக்கியோ: 16 நாளுக்கு எந்த லென்ஸ், எங்கே நின்று எடுப்பது?

ஊர்சுற்றி_41 கேட்டது:

வணக்கம். நவம்பர் 20 முதல் டிசம்பர் 5 வரை பயணம். தலைப்பில் உள்ள வரிசையில் ஊருக்கு நான்கு நாள். கூட வருபவர்களுக்குப் படமெடுப்பதில் நாட்டமில்லை. ஆகவே விடிகாலையும் சாயங்காலம் இரண்டு மணி நேரமும்தான் கேமராவுக்கு. நகரக் காட்சி, இரவுத் தெரு, கோயில்கள் இவைதான் இலக்கு. பறவை, விலங்கு எதுவும் கிடையாது.

கையில் இருப்பவை: சோனி ஏ7 ஃபோர் கேமரா, லென்ஸில் 24-105 எஃப்4, 35 எஃப்1.8, பழைய 70-200 எஃப்4 (முதல் எண் மி.மீ.யில் குவியத்தூரம், சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தூரத்தை இழுக்கும்; எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம்), ஒரு சிறிய டிரைபாட். இதோடு சோனியின் உயர்தர வரிசையான ஜிஎம்மில் 16-35 எஃப்2.8 வாங்கலாமா என்று யோசனை. 70-200-ஐ வீட்டிலேயே விட்டுவிடலாம் என்றும் தோன்றுகிறது. சரியா? ஊருக்கு இரண்டு மூன்று இடம், எத்தனை மணிக்குப் போகவேண்டும், எங்கே டிரைபாட் விரிக்க விடுவார்கள் என்று சொன்னால் பெரிய உதவி.

நீலநேரம் எழுதியது:

நேர்மாறாகச் செய்யுங்கள் நண்பரே. 70-200 வரட்டும், 16-35 ஜிஎம் கடையிலேயே இருக்கட்டும். காரணம் கீழே ஊர் ஊராக வருகிறது.

முதலில் கடிகாரம். உங்கள் தேதிகளில் அஸ்தமனம் தோராயமாக: சிங்கப்பூர் 6:50, பாங்காக் 5:48, ஹாங்காங் 5:38, டோக்கியோ 4:28. டோக்கியோவில் மதியச் சாப்பாடு முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அன்றைய படம் போச்சு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழ நெட்டுக்குத்தாக இறங்கும். அதனால் சிங்கப்பூரில் அந்திவெளிச்சம் 22 நிமிடம் போல. டோக்கியோவில் 28 நிமிடம் கிடைக்கும். வானம் நீலமாகவும் கட்டட விளக்குகள் அதே அளவு பிரகாசமாகவும் சமன்படும் ‘நீலநேரம்’ இதற்குள் ஒரு பத்து நிமிடம்தான். சிங்கப்பூரில் அஸ்தமனத்துக்குப் பின் 12 முதல் 22 நிமிடம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டோ இடம் மாறிக்கொண்டோ இருக்க முடியாது. ஒரு மாலைக்கு ஓர் இடம், ஒரு லென்ஸ்.

சிங்கப்பூர். மெர்லயன் பூங்காவிலிருந்து எதிரே மரினா பே சேண்ட்ஸ் ஏறத்தாழ 750 மீட்டர். அதன் தலையில் கிடக்கும் ஸ்கைபார்க் 340 மீட்டர் நீளம். 50 மி.மீ.யில் அந்தத் தூரத்தில் 540 மீட்டர் அகலம் விழும். கட்டடமும் இருபுறம் மூச்சுவிட இடமும் தண்ணீரில் பிரதிபலிப்பும் அதிலேயே அடங்கிவிடும். 16 மி.மீ. போட்டால் பாதிப் படம் வெறும் வானம், பாதி வெறும் தண்ணீர், நடுவே தீப்பெட்டி அளவுக்கு மூன்று கோபுரம். உங்கள் 24-105 போதும் என்பதற்கு இதுவே கணக்கு.

அஸ்தமன நிறம் வேண்டுமென்றால் எதிர்க்கரைக்கு, சேண்ட்ஸ் பக்கம் போய் மேற்கே வங்கிக் கட்டடங்களைப் பார்த்து நிற்க வேண்டும். அங்கே 24 முதல் 35 வரை. எஸ்பிளனேட் கலையரங்கின் கூரைத் தோட்டம் இலவசம், கொஞ்சம் உயரமும் கிடைக்கும். கரையோர நடைபாதையில் டிரைபாட் பிரச்சினை இல்லை, வழியை மறிக்காமல் இருந்தால் சரி. ஆனால் ஜூபிலி பாலம், ஹீலிக்ஸ் பாலம் இரண்டிலும் ஆள் நடந்தாலே தளம் அதிரும். 8 நொடி எக்ஸ்போஷர் நிச்சயம் கலங்கும். தரையில் நின்று எடுங்கள்.

கார்டன்ஸ் பை த பே பூங்காவின் செயற்கை மரங்களான சூப்பர்ட்ரீகளில் ஒளிக்காட்சி இரவு 7:45, 8:45. மரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம். அடியில் மல்லாந்து படுத்து மேலே பார்த்து எடுக்க மட்டும் உண்மையிலேயே 16-20 தேவை. அங்கே ஒரு பொறி இருக்கிறது: ஊதா, நீல எல்இடி வெளிச்சம் சென்சாரின் நீலச் சேனலை மட்டும் நிரப்பிவிடும். வெள்ளை ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) நல்லபடியாகத் தெரியும், ஆனால் மரத்தின் கிளை விவரம் போய்த் தட்டையான ஊதாத் திட்டுதான் மிஞ்சும். மூன்று நிற ஹிஸ்டோகிராம் பார்த்து ஒரு ஸ்டாப் குறைத்து (அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி), ரா எனும் மூலக் கோப்பாக எடுங்கள்.

பாங்காக். வாட் அருண் ஆற்றின் மேற்குக் கரையில், தா தியன் படித்துறை கிழக்குக் கரையில். மாலையில் கிழக்குக் கரையில் நின்றால் கோபுரம் பின்னொளியில் நிழலுருவாகத் தெரியும், பிறகு விளக்கு எரியும். நவம்பரில் சூரியன் மேற்குக்குத் தெற்கே விலகி இறங்குவதால் கோபுரத்தை ஒட்டியே வரும். காலையில் அதே இடத்தில் நின்றால் கோபுரத்தின் முகத்தில் நேர்வெயில், பீங்கான் துண்டுகள் பளிச்சென்று தெரியும். ஆற்றைத் தாண்டி 250-300 மீட்டர், கோபுரம் ஏறத்தாழ 80 மீட்டர். கிடைப்படத்துக்கு 50, நெட்டுப்படத்துக்கு 70. இங்கும் 24-105 தான். படகு விளக்கின் ஒளிக்கோடு வேண்டுமென்றால் 4 முதல் 6 நொடி. 

வாட் போவின் சயனபுத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பக்கவாட்டில் தள்ளி நிற்க இடமில்லை, தூண்கள் வரிசையாக மறிக்கும். பாதத்தின் பக்கம் போய் 20-24 மி.மீ.யில் மூலைவிட்டமாக எடுத்தால் முழு உருவம் வரும். தலைப்பக்கம் தூண்களுக்கு நடுவே 35 போட்டால் முகம் மட்டும். காலை 8 மணிக்குத் திறந்தவுடன் போங்கள். காலணி கழற்ற வேண்டும், டிரைபாட் வேண்டாம். அரண்மனை வளாகத்தில் மரகதபுத்தர் சன்னதிக்குள் படமெடுக்கத் தடை, வெளியே தடையில்லை. அரைக்கால் சட்டை, கையில்லாச் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள்.

சைனாடவுனின் யாவராட் தெரு இரவு 7-க்கு மேல். அங்கே இரண்டே லென்ஸ்: கடைக்காரர், அடுப்பு, புகை இவற்றுக்கு 35 எஃப்1.8. பெயர்ப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி வர 85-105. திங்கட்கிழமை பல தள்ளுவண்டிகள் இருக்காது, நாளைப் பார்த்து வையுங்கள்.

ஹாங்காங். மலையுச்சியில் உள்ள பீக் டவரின் கட்டண மாடியைவிட லுகார்ட் சாலை மேல். மேலிருந்து மரநிழல் பாதையில் 15 நிமிட நடை, இலவசம், மரங்கள் விலகும் இடத்தில் கைப்பிடிக் கம்பி. முன்னால் 412 மீட்டர் ஐஎஃப்சி கோபுரம், அக்கரையில் 484 மீட்டர் ஐசிசி கோபுரம். இரண்டையும் சேர்க்க 24 போதும். அதைவிட அகலமாகப் போனால் பக்கத்து மரக்கிளைதான் சேரும். இங்கேதான் 70-200 முதல்முறையாக வேலை செய்யும். மிட்-லெவல்ஸ் குடியிருப்புகளை 135-200-ல் வெட்டி எடுத்தால் ஜன்னல் ஜன்னலாக ஒரு நெசவு மாதிரி வரும். கம்பி ஓரம் இடம் குறைவு. மாலை 4:50-க்கு அங்கே நில்லுங்கள். பீக் டிராம் வரிசையில் மாட்டினால் நேரம் போய்விடும். சென்ட்ரலிலிருந்து 15-ஆம் எண் பஸ் ஏறிவிடுங்கள், மேலே போக வலப்பக்க ஜன்னலோ இடப்பக்க ஜன்னலோ என்று சண்டை வேண்டாம், வளைவுக்கு வளைவு மாறும்.

சிம் ஷா சூய் கரையிலிருந்து எதிர்க்கரை முழுவதும் வேண்டுமென்றால் ஒரே படமாக 16-ல் எடுக்காதீர்கள். 50 மி.மீ.யில் கேமராவை நெட்டாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி ஏழெட்டு படம், எக்ஸ்போஷரும் ஒயிட் பேலன்ஸும் ஃபோகஸும் பூட்டி, இடமிருந்து வலமாக வேகமாக. ஸ்டார் ஃபெரி குறுக்கே வந்தால் ஒரே படகு இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும், அது போகும்வரை காத்திருங்கள். இரவு 8 மணி ஒளிக்காட்சிக்காக அங்கே காத்திருப்பது நவம்பரில் வீண். வானம் கன்னங்கரேலென்று இருக்கும். 5:50-6:05 நீலத்தில் எடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

குவாரி பேயின் யிக் சியோங் கட்டடம் எல்லோர் பட்டியலிலும் இருக்கும். அது மக்கள் குடியிருக்கும் முற்றம், படமெடுக்க வேண்டாம் என்று அறிவிப்பே வைத்திருக்கிறார்கள். என் கருத்தில் விட்டுவிடுவது நல்லது. அந்த நேரத்துக்கு டிராமின் மேல்தளத்தில் முன் இருக்கையில் 35-ஐ வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஹாங்காங் தீவே முன்னால் ஓடிவரும். பழைய நியான் பலகைகளை நம்பிப் போகவேண்டாம், பெரும்பாலானவை அகற்றப்பட்டுவிட்டன.

டோக்கியோ. 70-200 ஏன் கட்டாயம் என்பதற்கு இங்கே வாருங்கள். ஃபூஜி மலை 3,776 மீட்டர், டோக்கியோ நடுவிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. அந்தத் தூரத்தில் மலையின் உயரம் சென்சாரில் எவ்வளவு விழும் என்று பாருங்கள்: 24 மி.மீ.யில் 0.9 மி.மீ., 105-ல் 4 மி.மீ., 200-ல் 7.5 மி.மீ. சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதாவது 200-ல் படத்தில் மூன்றில் ஒரு பங்கு. 24-ல் எறும்பு. அடிவாரத்தை முன்மலைகள் மறைப்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையும்.

புன்கியோ சிவிக் சென்டரின் 25-ஆம் மாடிப் பார்வைக்கூடம் இலவசம். அங்கிருந்து ஷின்ஜுகு கோபுரங்கள் ஏறத்தாழ 6 கி.மீ. 243 மீட்டர் மாநகர அரசுக் கட்டடம் அந்தத் தூரத்தில் கண்ணுக்குக் காட்டும் உயரமும் ஃபூஜி காட்டும் உயரமும் ஏறத்தாழ ஒன்று. அதனால்தான் அந்த இடத்துப் படங்களில் மலையும் கோபுரமும் தோளோடு தோள் நிற்கின்றன. ஷின்ஜுகுவுக்கே போய் அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடி ஏறினால் (202 மீட்டர், அதுவும் இலவசம்) மலை தெரியும், ஆனால் பக்கத்தில் நிற்கக் கோபுரம் இருக்காது, ஏனென்றால் நீங்கள் அதற்குள் இருக்கிறீர்கள்.

அசாகுசா சுற்றுலாத் தகவல் மையத்தின் 8-ஆம் மாடித் திறந்தவெளி: நாகமிசே கடைத்தெருவும் கோயிலும் நேர்கோட்டில் கீழே. 50 முதல் 135. மெய்ஜி ஜிங்கு கையென் கிங்கோ சாலையில் 146 மரங்கள், 300 மீட்டர். நீங்கள் போகும் வாரத்தில் மஞ்சள் உச்சத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். 135-200-ல் இருபுற மரமும் ஒன்றாக நெருங்கிவரும், 24-ல் நடுவே சாலைதான் தெரியும்.

ஒற்றைக்குழல் எழுதியது:

மேலே சொன்னதுல இடத்தைப் பத்தி எனக்கு மறுப்பில்லை. லென்ஸ் கணக்குல ஒரு திருத்தம். எடையைக் கூட்டிப் பாருங்க.

கையில இருக்கிறதோட ஜிஎம்மும் சேர்ந்தா வர்ற மூட்டை, கிராம்ல: கேமரா பாடி 658, 24-105 663, 35 280, 70-200 840, 16-35 ஜிஎம் 680. மொத்தம் 3,121 கிராம், டிரைபாட் தனி. குடும்பத்தோட நாள் முழுக்க நடக்கும்போது மூணு கிலோ கழுத்துல தொங்கினா மூணாவது நாள் கேமரா ஓட்டல் அறையில தூங்கும்.

24-105-ஐயும் 16-35-ஐயும் விட்டுட்டு 20-70 எஃப்4 எடுங்க, 488 கிராம். பாடி, 20-70, 35, 70-200 சேர்த்து 2,266. ஏறக்குறைய 850 கிராம் மிச்சம். 70-லேர்ந்து 200 இடைவெளியில்லாம தொடரும். 20-க்கும் 16-க்கும் வித்தியாசம் கிடைமட்டமா 84 டிகிரிக்கும் 97 டிகிரிக்கும் உள்ளது. தேவைப்பட்டா 20-ல கேமராவை நெட்டா வச்சு ரெண்டு மூணு படம் ஒட்டிக்கலாம்.

புதுசா எதுவுமே வாங்க வேண்டாம்னு இருந்தா, 24-105-ம் 70-200-ம் 35-ம் போதும். சூப்பர்ட்ரீ அடியில படுக்கிற ஒரு படத்துக்காக ஒரு ஜிஎம் வாங்கறது யானைப் பசிக்குச் சோளப்பொரியோட நேர் எதிர்ப்பதம்.

நீலநேரம் எழுதியது:

20-70 நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஒரே எச்சரிக்கை: சூப்பர்ட்ரீயில் ஒட்டுப்படம் எடுபடாது. காட்சி நடக்கும்போது ஒவ்வொரு நொடியும் நிறம் மாறும், முதல் படத்தில் பச்சை, இரண்டாவதில் ஊதா. காட்சி முடிந்தபின் விளக்கு நிலையாக எரியும்போது எடுத்தால் ஒட்டும்.

கட்டாயம் 16 வேண்டும் என்பவர்களுக்கு 16-35 எஃப்4 பவர்ஜூம் இருக்கிறது, 353 கிராம், ஜிஎம்மில் பாதி எடை. நகரக் காட்சியை எப்படியும் எஃப்5.6-8-ல்தான் எடுக்கப்போகிறோம், எஃப்2.8-க்குக் கொடுக்கும் காசும் எடையும் இந்தப் பயணத்தில் திரும்பி வராது.

பட்டைக்கோடு எழுதியது:

லென்ஸைவிட அதிகமாகப் படத்தைக் கெடுக்கப்போவது எல்இடி. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கோயிலுக்குள் சத்தம் கேட்கக்கூடாது என்று சைலண்ட் ஷட்டர் போடுவீர்கள். ஏ7 ஃபோரில் மின்னணு ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழே படித்து முடிக்க ஏறக்குறைய 1/15 நொடி ஆகும். அதற்குள் விளக்கு ஆறேழு முறை மங்கி எரிந்திருக்கும். விளைவு: புத்தர் முகத்தில் குறுக்கே ஆறேழு இருட்டுப் பட்டை. வீட்டுக்கு வந்து எந்த மென்பொருளில் திறந்தாலும் சரியாகாது. விளக்கு வெளிச்சத்தில் மெக்கானிக்கல் ஷட்டர் மட்டும்.

அடுத்தது ஷட்டர் வேகம். சிங்கப்பூர், தாய்லாந்து, ஹாங்காங் மூன்றிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஆகவே 1/50 அல்லது 1/100. ஜப்பான் விசித்திரம்: டோக்கியோ உள்ளிட்ட கிழக்கு 50, ஒசாகா, கியோட்டோ உள்ளிட்ட மேற்கு 60. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோவுக்கு ஜெர்மன் ஜெனரேட்டரும் ஒசாகாவுக்கு அமெரிக்க ஜெனரேட்டரும் வாங்கியதன் மிச்சம் அது. உங்கள் பயணம் டோக்கியோவோடு முடிவதால் 1/50, 1/100 என்றே நினைவில் வையுங்கள். என்றைக்காவது ஒசாகா, தைபே, சியோல் போனால் 1/60, 1/125.

மெனுவில் விளக்குத் துடிப்பைத் தவிர்க்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது 100, 120 ஹெர்ட்ஸ் துடிப்பைத்தான் கண்டுபிடிக்கும். ஷிபுயாவின் பெரிய வீடியோ திரைகளும் ரயில் முகப்பு எழுத்துப்பலகைகளும் அதைவிட வெகு வேகமாகத் துடிப்பவை. அவற்றுக்கு ஷட்டரை 1/60 அல்லது அதற்கும் கீழே இறக்கினால்தான் பெரும்பாலும் முழு எழுத்தும் வரும். 1/500-ல் எடுத்தால் ரயில் உறைந்து நிற்கும், பலகையில் பாதி எழுத்து காணாமல் போயிருக்கும்.

திரைகளுக்கு எக்ஸ்போஷர்: திரையின் வெள்ளைப் பகுதி வெடிக்காத அளவுக்கு வைத்து நிழலை ராவில் தூக்குங்கள். சிவப்பு எழுத்துகள் மஞ்சளாக மாறியிருந்தால் சிவப்புச் சேனல் நிரம்பிவிட்டது என்று பொருள், இன்னும் முக்கால் ஸ்டாப் இறக்குங்கள்.

ஊர்சுற்றி_41 கேட்டது:

மிக்க நன்றி. 16-35 எண்ணத்தைக் கைவிட்டேன், 24-105-ஐ விற்று 20-70 வாங்கப் பார்க்கிறேன். இரண்டு சந்தேகம். உயரமான மாடிகளில் டிரைபாட் கிடையாது என்கிறார்கள், அப்படியானால் கண்ணாடி வழியாக இரவில் எப்படி எடுப்பது? போலரைசர் போட்டால் பிரதிபலிப்பு போகுமா?

நீலநேரம் எழுதியது:

போலரைசரைப் பெட்டியிலேயே வையுங்கள். கண்ணாடியை ஏறத்தாழ 55 டிகிரி சாய்வில் பார்க்கும்போதுதான் அது பிரதிபலிப்பை வெட்டும். நேராகக் கண்ணாடியில் முகம் வைத்து நிற்கும்போது எதையும் வெட்டாது, ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை மட்டும் தின்றுவிடும்.

வழி எளிது: லென்ஸ் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கவேண்டும். இதற்கு ரப்பர் ஹூட் என்று மடங்கும் ஒன்று கிடைக்கும், பிளாஸ்டிக் ஹூடைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டுங்கள். இல்லையென்றால் ஒரு கறுப்புத் துணி, இரண்டு ரப்பர் பேண்ட். முக்கியமான விஷயம் சாய்வு. கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்கும்வரைதான் ஓரத்தில் வெளிச்சம் நுழையாது. கீழே பார்க்க வேண்டுமென்று கேமராவைச் சாய்த்தால் மேல் ஓரத்தில் இடைவெளி விழும், உள்ளே இருக்கும் பச்சை வெளியேறும் வழிப் பலகை வானத்தில் வந்து உட்காரும். லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு கஷ்டம். 35 எஃப்1.8-ன் முகம் சிறியது, அதுதான் கண்ணாடிக்கு உகந்தது. ஃபூஜிக்கு 70-200 வைக்கும்போது கவலையில்லை, 200-ல் காட்சிக்கோணம் 10 டிகிரிதான். கண்ணாடியில் விரல் ரேகை இருக்கும், ஒரு மைக்ரோஃபைபர் துணியால் அந்த இடத்தை முதலில் துடைத்துவிடுங்கள்.

நிலைப்பு: லென்ஸைக் கண்ணாடியில் ஊன்றி, இரண்டு முழங்கையும் விலாவில் அழுத்தி, 2 நொடி டைமரில் 1/8 வரை பிடிக்கலாம். அதற்கும் இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓ 3200-ல் தொடர்ச்சியாக 16 படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் அடுக்குகளாக ஏற்றி, தானாக வரிசைப்படுத்தி, ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக்கி, ஸ்டாக் மோடில் ‘Mean’ (சராசரி) கொடுங்கள். 16 படத்தின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகும், ஐஎஸ்ஓ 200-ல் எடுத்த மாதிரி வழவழப்பு. நடந்துபோகும் ஆட்களை அழிக்கவேண்டுமென்றால் Mean-க்குப் பதில் ‘Median’ (நடுமதிப்பு).

ஷிபுயா ஸ்கை (229 மீட்டர்) திறந்தவெளிக் கூரை, ஆனால் பையெல்லாம் லாக்கரில் போகவேண்டும். கழுத்துப்பட்டையோடு கேமரா மட்டும் மேலே வரலாம், தொப்பியும் டிரைபாடும் கூடாது. ஆகவே லிஃப்ட் ஏறும்முன் எந்த லென்ஸ் என்று முடிவு செய்துவிட வேண்டும், மேலே போய் மாற்றமுடியாது. அங்கே 20-70. அஸ்தமன நேரச் சீட்டு விற்பனை திறந்தவுடன் தீரும், அலாரம் வைத்து முன்பதிவு செய்யுங்கள்.

ஈரக்காற்று எழுதியது:

ஓட்டல் ஏசி பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் பனிநிலை (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 24 டிகிரியைச் சுற்றியே இருக்கும். அறையை 20-ல் குளிரவைத்துவிட்டு வெளியே வந்தால் லென்ஸின் உடம்பு 20 டிகிரி, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நீராகப் படியும். துடைத்தாலும் மறுபடி படியும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் சென்சார்மேலேயே படியும், அதுதான் மோசம். ஏசியை 26-ல் வைத்தாலே இந்தத் தொல்லை வராது. குளிர்ந்த மாலிலிருந்தோ டாக்சியிலிருந்தோ வெளியே வரும்போது பையின் ஜிப்பைத் திறக்காமல் 20-30 நிமிடம் விடுங்கள். அதாவது நீலநேரத்துக்கு அரை மணி முன்னதாகவே வெளியே வந்துவிட வேண்டும். டோக்கியோவில் இதற்கு நேர்மாறு: குளிரில் சுற்றிவிட்டு ராமென் கடைக்குள் நுழையும்போது படியும். நுழையும் முன் கேமராவைப் பைக்குள் போட்டு மூடுங்கள்.

பேட்டரி: உங்கள் கேமராவின் பேட்டரி ஒன்று 16.4 வாட்-மணி. உதிரி பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருக்கும் பவர்பேங்கே நல்லது. 2025 மார்ச், ஏப்ரலில் தாய், சிங்கப்பூர், ஹாங்காங் விமான நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர்பேங்க் பயன்படுத்துவதைத் தடை செய்தன. ஹாங்காங் விமானங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டியிலும் வைக்கக்கூடாது, இருக்கைக்கு அடியில் அல்லது பாக்கெட்டில். ஆகவே பேட்டரிகளை ஓட்டலிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். சிங்கப்பூர், ஹாங்காங் இரண்டிலும் மூன்று செவ்வகக் கம்பி பிளக், டோக்கியோவில் இரண்டு தட்டைக் கம்பி, 100 வோல்ட்.

டிரோன் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஜப்பானில் 2022 ஜூன் முதல் 100 கிராமுக்கு மேற்பட்டதைப் பதிவு செய்தே ஆகவேண்டும், நகர நெரிசலில் பறக்கத் தனி அனுமதி வேறு.

ஊர்சுற்றி_41 கேட்டது:

டிரோன் இல்லை. கடைசியாக ஒன்று: டோக்கியோவில் நான்கே நாள். ஃபூஜி எந்த நாள் தெரியும் என்று எப்படிக் கணிப்பது? ஷிபுயா ஸ்கையும் புன்கியோவும் இரண்டுமே மாலை என்பதால் குழப்பம்.

நீலநேரம் எழுதியது:

ஷிபுயா சீட்டுக்குத் தேதி முன்பே குறிக்க வேண்டும், புன்கியோவுக்குச் சீட்டே இல்லை. அதனால் முதலாவதை இரண்டாம் நாள் மாலைக்குப் பதிவு செய்துவிட்டு மற்ற மூன்று மாலையையும் ஃபூஜிக்காகக் காலியாக வையுங்கள்.

டிசம்பர் மலை தெரிய நல்ல மாதம், காற்று வறண்டிருக்கும். மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வடக்குக் காற்று வீசினால் நம்பிப் போகலாம். மலையைக் காட்டும் நேரலைக் கேமராக்கள் இணையத்தில் நிறைய உண்டு. காலையில் ஒருமுறை, மதியம் 2 மணிக்கு ஒருமுறை பாருங்கள். டோக்கியோ வானம் தெளிவாக இருப்பது கணக்கில்லை, மலையின் தலையில் மேகத்தொப்பி இருக்கிறதா என்பதுதான் கணக்கு. பகலில் வெண்மூட்டத்தில் தெரியாத மலை அஸ்தமனத்துக்குப் பின் ஆரஞ்சு வானத்தில் கறுப்பு முக்கோணமாகத் துல்லியமாக எழுவதும் உண்டு, 4:28-க்கே மூட்டை கட்டிவிடாதீர்கள்.

புன்கியோவில் 3:45-க்கு மேற்குப் பக்கக் கண்ணாடியில் இடம் பிடியுங்கள். கூடம் அன்று திறந்திருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே கண்ணாடி சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும், ரப்பர் ஹூட் அவசியம். 70-200-ல் 135-ஐச் சுற்றி ஆரம்பித்து, எஃப்8, ஐஎஸ்ஓ 400. ஆட்டோஃபோகஸ் கண்ணாடிமேலுள்ள தூசியைப் பிடித்தால் கோபுரத்தின் விளிம்பில் வைத்து மேனுவலாகப் பூட்டுங்கள். 4:45-லிருந்து 4:55 வரை ஷின்ஜுகு விளக்கும் மலையின் நிழலுருவும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். அதற்குப் பின் மலை வானத்தோடு கலந்துவிடும்.

ஷிபுயாவுக்கு 3:15 வாக்கில் உள்ளே போகும் சீட்டாக எடுங்கள். வரிசை, லாக்கர், லிஃப்ட் மூன்றும் சேர்ந்து நேரம் தின்னும். மேலே கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டிசம்பரில் 229 மீட்டர் உயரத்தில் காற்று விரலை மரக்கவைக்கும்.